ஊருக்கு வந்துபோகும் செலவு

பேத்திக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. விமான டிக்கெட்டைக் கம்பெனிக்காரர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள். சாமான்களைக் கட்டி ஏற்றிப்போக ஆட்களும் லாரியும் அவர்கள் செலவு. வீடு பார்த்து முடிக்கும்வரை ஹோட்டலில் தங்கிக்கொள்ளலாம், ஆனால் பதினைந்து நாள் மட்டும்தான். "பந்த்ரா தின்ல வீடு எப்படித் தாத்தா கிடைக்கும்? ரொம்பக் கஞ்சூஸ் இவங்க" என்று பம்பாய்ச் செம்பூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அலுத்துக்கொள்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். ஆரம்பித்தால் முடிவதற்குள் லாரி வந்துவிடும். அவளுக்குத் தமிழ் பேச வரும்; எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இதை அவள் படிக்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

அட்டைப் பெட்டிகளை ஒட்டுவதற்காக ஆட்கள் பழுப்பு நாடாவைச் சர்ரென்று இழுத்தபோது ஒரு பசை வாசனை வந்தது. லேசாகப் புளித்த வாசனை. அது என்னை நேரே தாராவியில் கொண்டுபோய் இறக்கியது. அப்போது அங்கே தோல் கம்பெனிகள் இருந்தன. பச்சைத் தோலும் சுண்ணாம்பும் சேர்ந்து ஊறும் வாடையை முதல் நாள் எவனாலும் தாங்க முடியாது. நான் வந்து இறங்கிய அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "இங்க எப்படி இருக்கிய?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம் பொறு தம்பி. பொறவு மணத்தைக் காணோமேன்னு நீயே தேடுவ" என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி. நான் தங்க வந்த அறையில் இருந்தவர்; அந்தத் தோல் கம்பெனிகளில் ஒன்றில்தான் வேலை பார்த்தார்.

தேடவில்லை. ஆனால் எட்டாம் நாள் அது என் மூக்குக்குத் தெரியாமல் போனது உண்மை.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்துவிட்டு, திருநெல்வேலியில் ஓர் அரிசி மில்லில் தாற்காலிகக் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். தாற்காலிகம் என்றால் முதலாளியின் மச்சினன் பரீட்சையில் தேறும்வரை என்று அர்த்தம். அவன் தேறிவிட்டான். பம்பாயில் கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை காலியாக இருப்பதாக ஊர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார். சம்பளம் அரிசி மில்லைப்போல இரண்டரை மடங்கு. அந்த இரண்டரை மடங்குக்கும் எனக்கும் நடுவே நின்றது ரயில் டிக்கெட். அதன் விலை என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு. சைக்கிளை விற்றேன். சைக்கிள் போனதும் ஊருக்குள் எங்கே போவதென்றாலும் நடந்துதான் போக வேண்டும் என்றாகிவிட்டது. நடப்பதற்குப் பம்பாய்க்கே போய்விடலாம் என்று ரயிலேறினேன். மூன்றாம் நாள் தாதரில் இறங்கியபோது கரித்தூளால் என் வெள்ளைச் சட்டை என்ன நிறம் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

நான் தங்கிய இடத்துக்குப் பொங்கல் வீடு என்று பெயர். ஒரே பக்கத்து ஊர்களைச் சேர்ந்த ஆண்கள் சேர்ந்து எடுத்திருக்கும் ஒற்றை அறை. ஒரே பானையில் பொங்கித் தின்பதால் அந்தப் பெயர் என்பார்கள். எனக்குத் தெரிந்து வேறு காரணம் இல்லை. பதினோரு பேர். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் ராத்திரி ஷிப்டுக்காரன் படுப்பான், பாய் ஆறுவதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாக இருந்தால் உட்கார இடம் இல்லாமல் பாதிப் பேர் சந்தில் நிற்போம். அங்கே ஒரே ஒரு சட்டம்தான் எழுதாமல் இருந்தது: பெண்கள் உள்ளே வரக்கூடாது. அதை யாரும் மீறியதில்லை. மீறுவதற்குப் பெண்கள் யாரும் இல்லை என்பதுதான் காரணம். எங்கள் பதினோரு பேரில் ஏழு பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஏழு மனைவிமாரும் ஊரில்.

காலையில் நான் மாட்டுங்கா வழியாகத்தான் ஸ்டேஷனுக்கு நடப்பேன். கொஞ்சம் சுற்று. ஆனால் அந்தத் தெருக்களில் காபி வறுபடும் வாசனை வரும், மாடிகளில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு பெண்கள் நிற்பார்கள், பள்ளிக்கூடப் பைகளோடு பிள்ளைகள் ஓடும். அரை மணி நேர நடைத் தூரத்தில் இரண்டு தமிழ்நாடு. அங்கே குடும்பங்கள், எங்கள் சந்தில் ஆம்பிளைகள். எங்கள் ஆபீஸ் சூப்ரெண்டு மாட்டுங்காக்காரர். பாலக்காட்டுப் பக்கத்து மனிதர், தங்கமானவர். ஒருநாள் பொங்கல் வீட்டுக் கதையைச் சொன்னபோது ஆச்சரியப்பட்டார். "ஏன்டாப்பா, எல்லாரும் ஆத்துக்காரியை அழைச்சுண்டு வந்துட வேண்டியதுதானே?"

"பகடி கொடுக்கணும் சார்" என்றேன். பகடி என்றால் வாடகை அறைக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்னால் மொத்தமாகக் கொடுக்க வேண்டிய தொகை. திரும்பி வராது.

"பகடியா? நான் யுத்தகாலத்துல வந்தப்போ வீட்டுக்கு வீடு 'வாடகைக்கு'ன்னு போர்டு தொங்கித்தே. வா வான்னு கூப்பிட்டா" என்றார். அவருடைய அந்தப் பழைய வாடகையைக் கேட்டால் உங்களுக்கு அழுகை வரும், ஆகவே சொல்லவில்லை.

எங்கள் அறையில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான் ஒருவன்தான். அதனால் கடிதம் எழுதும் வேலை தானாக வந்து சேர்ந்தது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கும் கடிதங்களை ஆறு மாதம் எழுதினேன். பிறகு ஊரிலிருந்து ஒரே கேள்வி வேறு வேறு கையெழுத்தில் வரத் தொடங்கியது. 'நான் பம்பாய் வரலாமா?' இதற்கு 'வா' என்றும் 'வராதே' என்றும் மனம்போல எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆபீஸில் கப்பல் சரக்குக்குச் செலவு வரவு பார்ப்பதைப்போல ஒரு வெள்ளைத்தாளில் நடுவே கோடு போட்டேன். ஒரு பக்கம் ரயில் சார்ஜ், வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்கும் நாட்களுக்குச் சாப்பாடு, ஊரில் விட்டுவரும் கூலி. மறுபக்கம் இங்கே கிடைக்கக்கூடிய பகார், அதாவது சம்பளம். எத்தனை மாதத்தில் இரண்டும் சரியாகும் என்று பார்த்து, ஒரு வருஷத்துக்குள் என்றால் 'வரலாம்', இல்லையென்றால் 'வர வேண்டாம்'. இரண்டு பேர் என் பேச்சைக் கேட்டு வந்து நன்றாக இருந்தார்கள். உடனே எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துச் சந்திலிருந்தெல்லாம் கேட்டு வந்தார்கள். "கிளார்க்கு தம்பி கணக்குப் போட்டுச் சொல்லிட்டான்" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. இருபத்துமூன்று வயதில் ஒருவனுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கக்கூடாது.

சுடலைமுத்து அண்ணாச்சிக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். தோளில் சுண்ணாம்பு பட்டு வெந்த தழும்புகள். அதிகம் பேசமாட்டார், எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி கோயிலுக்கென்று ஊருக்குப் போவார். முக்கூடல் பக்கத்தில் ஒரு கிராமம். மனைவி பேச்சியம்மாள் அங்கே தன் ஆத்தாவோடு இருந்தாள். கோமதி என்று ஒரு பெண் குழந்தை, கோமு. பிள்ளைக்கு முகம் மறந்துவிடும் என்று அண்ணாச்சி ஒருதரம் ஸ்டூடியோவில் படம் பிடித்து அனுப்பினார். அதற்கு என் வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். பாக்கெட்டில் பேனா இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று என் பேனாவையும் வாங்கிச் செருகிக்கொண்டார். படத்தில் பார்த்தால் தாலுகா ஆபீஸ் உத்தியோகஸ்தர் தோற்றுவிடுவார்.

பேச்சியம்மாள் ஐந்தாம் வகுப்பு படித்தவள். அவள் கடிதங்களை அவளே எழுதுவாள். அந்த வருஷத் தொடக்கத்தில் வந்த ஒரு கடிதத்தில், தானும் பிள்ளையும் பம்பாய்க்கு வந்துவிடலாமா என்று கேட்டிருந்தாள். நான் வாசித்துச் சொன்னதும் அண்ணாச்சி கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ ஒரு கணக்குப் போட்டுப் பாரேன் தம்பி."

போட்டேன். ரயில் சார்ஜ், பகடி, மாத வாடகை, மண்ணெண்ணெய், அரிசி, பிள்ளைக்குப் பால். பகடி மட்டுமே அவருடைய ஐந்து மாதப் பகார். ஒரு வருஷத்தில் அல்ல, நாலு வருஷத்தில்கூட நேராகவில்லை. 'இப்போதைக்கு வர வேண்டாம்' என்று எழுதி, கணக்கையும் அழகாகக் கோடு போட்டுக் கீழே சேர்த்தேன். கூட்டிப் பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று இரண்டாம் முறையும் பார்த்தேன். எனக்கு அதில் பெருமைதான்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. நீல நிற இன்லாண்டு, மடிப்பு ஓரங்களில்கூட எழுத்து. சந்தில் உட்கார்ந்து அண்ணாச்சிக்கு வாசிக்கத் தொடங்கினேன். நாலாவது வரியில் என் குரல் இறங்கிவிட்டது. ஏனென்றால் நாலாவது வரியிலிருந்து அந்தக் கடிதம் எனக்கு.

'எழுதிக் கொடுக்கிற தம்பிக்குப் பேச்சி எழுதுவது. உங்க கணக்கு பார்த்தேன். ரயில் சார்ஜ் சரி. அரிசி சரி. பகடி எங்க மாமா மகனும் அதேதான் சொன்னாவ. என்னைச் செலவுப் பக்கம் போட்டிருக்கிய. நான் இங்க சும்மா உக்காந்து திங்கல. தினம் எண்ணூறு பீடி சுத்துதேன். அந்த ஊர்ல ஆயிரம் பீடிக்கு என்ன கூலின்னு விசாரிச்சியளா? நான் விசாரிச்சுட்டேன். இங்க உள்ளதுக்கு ரெண்டு மடங்கு.'

அண்ணாச்சி, "மேல வாசி" என்றார்.

'இன்னொண்ணு. அவுக ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வாராவ. போக வர டிக்கெட்டு, வழியில சாப்பாடு, இங்க இருக்க நாளைக்கு அங்க சம்பளம் கிடையாது. வரும்போது எங்க சின்னம்மைக்குச் சேலை, அவுக அக்காமாருக்கு சோப்பு, பவுடர், மச்சினனுக்கு டார்ச் லைட்டு. இதை எல்லாம் நீங்க எந்தப் பக்கமும் எழுதல. ரெண்டு தடவை வந்துபோற செலவுல ஒரு ரூம்பு பிடிச்சிரலாம். கல்யாணமாகி இந்த அஞ்சு வருசத்துல நாங்க ஒண்ணா இருந்தது எழுபத்தாறு நாளு. இது எந்தப் பக்கம் வரும்னு தம்பிதான் சொல்லணும்.'

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. ஊருக்குப் போவது என்பதை ஒரு செலவாக நாங்கள் யாருமே நினைத்ததில்லை. அதற்காகத்தானே சம்பாதிப்பதே! அண்ணாச்சி முகத்தைப் பார்த்தேன். அவர் விரல்களை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். எழுபத்தாறு சரிதானா என்று பார்க்கிறார் என்று புரிந்தது. "சரியாத்தான் இருக்கு" என்றார்.

அவருக்கு வரச்சொல்ல ஆசைதான். பயமும் இருந்தது. தோல் கம்பெனி வேலை நாளைக்கு இருக்குமா தெரியாது, மழைக்காலத்தில் சந்துகளில் தண்ணீர் ஏறும், பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? தன் பயத்தை வெளியே சொல்ல முடியாத மனிதருக்கு என் வெள்ளைத்தாள் வசதியாக இருந்தது. "நீயே என்னமாவது எழுதிரு தம்பி" என்றார். நானும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, பம்பாயில் பீடி வேலை கிடைப்பது நிச்சயமில்லை, பார்த்து யோசித்துச் சொல்கிறோம் என்று எழுதினேன். விசாரிக்காமலே எழுதினேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விசாரிப்பதென்றால் நாலு சந்து தள்ளி நடந்தால் போதும்.

இன்னும் இரண்டு கடிதங்கள் போய் வந்தன. அதற்குப் பிறகு அவளிடமிருந்து கடிதமே இல்லை. ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

மார்கழி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணி இருக்கும். கறிக்குழம்பு நாள். ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், ஒருவர் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். சுடலைமுத்து அண்ணாச்சி சந்துமுனைக் குழாயில் முகம் நிறையச் சோப்போடு குனிந்திருந்தார். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு மாட்டுங்காவுக்குப் புறப்பட்டு வாசலில் நின்றேன். சந்துக்குள் ஒரு பெண் வந்தாள். தலையில் தகரப் பெட்டி, கக்கத்தில் பழைய சேலையில் சுற்றிய வட்டமான ஒன்று, கையைப் பிடித்தபடி ஒரு குழந்தை. கூடவே அடுத்த சந்தில் குடும்பத்தோடு இருக்கும் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். அவர்கள் விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்புகிறார்கள். மூன்று நாள் ரயில் கரி எல்லோர் முகத்திலும் இருந்தது.

குழந்தை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு கையை உருவிக்கொண்டு நேரே என்னிடம் வந்தது. என் சட்டையைப் பிடித்தது. அண்ணாந்து பாக்கெட்டிலிருந்த பேனாவைப் பார்த்தது. "அப்பா" என்றது.

அம்மியில் அரைத்தவர் குழவியை நிறுத்திவிட்டார்.

"அவுக இல்லட்டீ" என்றாள் அந்தப் பெண். "சட்டைதான் அது. அப்பா அன்னா நிக்காவ பாரு, சோப்பு போட்டுக்கிட்டு."

அண்ணாச்சி நிமிர்ந்தார். கண்ணைத் திறந்தார், சோப்பு எரித்தது, மூடினார், மறுபடி திறந்தார். தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. அவருக்கு வந்த முதல் வார்த்தை கோபமாகத்தான் வந்தது.

"யாரைக் கேட்டு வந்த நீ?"

"உங்களைத்தான் ஒரு வருசமா கேட்டேன். நீங்க தம்பியக் கேட்டிய. தம்பி காயிதத்தைக் கேட்டாவ."

"ஒரு வார்த்தை எழுதப்பிடாதா?"

"எழுதினா வராதன்னு பதில் வரும். தை பொறந்தா இவளுக்கு மூணு முடியுது, பொறவு இவளுக்கும் அரை டிக்கெட்டு எடுக்கணும். அதான் ஆட்டை வித்துட்டு இப்பமே கெளம்பிட்டேன்."

வெங்காயம் உரித்தவர் சிரித்துவிட்டார். அண்ணாச்சி அவரை முறைத்தார். முகத்தில் சோப்பு நுரையோடு முறைத்தால் யார் பயப்படுவார்கள்?

"இங்க எங்க தங்குவ? பொம்பளைய உள்ள வரப்பிடாது, தெரியும்லா?"

"பங்குனிக்கு ஊருக்கு வாரதுக்கு ரூவா சேத்து வச்சிருக்கிய இல்லா?" என்றாள் பேச்சியம்மாள். தலையிலிருந்த பெட்டியை இறக்கி, அதன்மேல் உட்கார்ந்தாள். "நீங்க வர வேண்டாம். நாங்க வந்தாச்சு. அந்த ரூவாய்க்கு ஒரு ரூம்பு பாருங்க. ஆடு வித்ததுல டிக்கெட்டு போக மிச்சம் என்கிட்ட இருக்கு."

குழந்தை இன்னும் என் சட்டையை விடவில்லை. அதைத் தூக்கிக்கொண்டுபோய் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். ஈரக் கையோடு வாங்கினார். அது கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, ஒரு விரலால் அவர் கன்னத்து நுரையைத் தொட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோப்பு எரிச்சலா வேறொன்றா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கறிக்குழம்பில் இரண்டு பேருக்குக் கூடத் தண்ணீர் ஊற்றினோம். அவளும் பிள்ளையும் சந்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சட்டம் மீறப்படவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, அவ சொல்லுதது சரியா வருமோ? நீ ஒருக்கா பாரேன்."

பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்தேன். அவளைச் செலவிலிருந்து எடுத்து வரவில் போட்டேன். பங்குனிப் பயணங்களைச் செலவில் சேர்த்தேன். எவ்வளவு தேடியும் அவள் கணக்கில் எனக்குப் பிழை கிடைக்கவில்லை. "வரும் அண்ணாச்சி" என்றேன்.

ஒன்பது நாள் அடுத்த சந்துக்காரர் வீட்டில் இருந்தார்கள். பிறகு உப்பங்கழிச் சேற்றை ஒட்டி ஒரு அறை கிடைத்தது. அறை என்றால் மரப்பலகையும் தகரமும். பத்தடிக்கு எட்டடி. சதுப்பு நிலத்துக்கு அவ்வளவு பக்கம் என்பதால் பகடி குறைவு. சேலையில் சுற்றி வந்த அந்த வட்டமான பொருள் பீடித் தட்டு என்று அன்றுதான் தெரிந்தது. குடிவந்த நாலாவது நாளே இலையும் தூளும் வாங்கிவந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விரல்கள் அதுபாட்டுக்கு உருட்டும், நூல் சுற்றும், கண் பிள்ளை மேலே இருக்கும். ஆயிரத்துக்கு அவள் எழுதிய கூலிதான் கிடைத்தது. ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பொங்கல் வீட்டிலிருந்து நாலைந்து பேர் மாதக் கணக்கில் அவளிடம் மத்தியானச் சோறு வாங்கத் தொடங்கினோம். நானும் ஒருவன். வெட்கத்தை விட்டுத்தான் போனேன். முதல் நாள் சோற்றைப் போட்டுவிட்டு, "இது எந்தப் பக்கம் தம்பி, வரவா செலவா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததில்லை. அது அவளுடைய பெருந்தன்மை.

எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது என்று சொல்லிவிட முடியாது. முதல் மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் அறைக்குள் ஏறியது. பீடி இலை, தூள் எல்லாம் ஊறி வீணாகிவிட்டது. இரண்டு நாள் பெட்டியின் மேல் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "உன் கணக்குதான் சரியோ என்னமோ" என்றார். பேச்சியம்மாள் காதில் விழுந்தும் விழாததுபோலத் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த வருஷம், ஆவணி மாதம் என்று நினைவு, தந்தி வந்தது. படிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். தந்தி இங்கிலீஷில் வரும். அவளுடைய ஆத்தா போய்விட்டாள். கொஞ்ச நாளாகவே மூத்த மகன் வீட்டில் படுக்கையாக இருந்தவள். நான் சொன்னதும் பேச்சியம்மாள் அழவில்லை. தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"இப்பம் கெளம்பினா எப்பம் தம்பி போய்ச் சேருவேன்?"

"மூணாம் நாள் மதினி."

"அதுவரைக்கும் வச்சிருக்க மாட்டாவ." தூளைத் துணியால் மூடி வைத்தாள். வெளியே கோமு வேறு பிள்ளைகளோடு இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "கெளம்பி வரும்போது எங்க ஆத்தா ரோட்டு வரைக்கும் வந்தா. பஸ்ஸு திரும்புதவரைக்கும் நின்னா. இதை மட்டும் நான் கணக்குல சேக்கவே இல்ல தம்பி" என்றாள்.

எத்தனை பேருக்கு எத்தனை தாளில் கோடு போட்டிருக்கிறேன். வழியனுப்ப வந்தவர்களை நானும் எந்தப் பக்கமும் எழுதியதில்லை. அப்புறம் அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். அண்ணாச்சி வேலையிலிருந்து வரும்வரை கோமுவை வெளியிலேயே பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் கணக்குப் போட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். 'வரலாமா' என்று கேட்டு எழுதியவர்களுக்கு இங்கே இருப்பதை மட்டும் எழுதினேன்: இவ்வளவு பகார், இவ்வளவு பகடி, மழையில் இவ்வளவு தண்ணீர். முடிவை அவர்களுக்கே விட்டேன். பேச்சியம்மாளைப் பார்த்துவிட்டு எங்கள் அறையில் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் பங்குனிப் பணத்தைப் பகடியாக்கினார். தகர அறைகள் கழியை நோக்கி நீண்டுகொண்டே போயின. இருநூற்றைம்பது ரூபாய் சம்பளம் வரும்வரை கல்யாணமில்லை என்று நான் என் அம்மாவுக்கு எழுதியிருந்தேன். அந்தக் கணக்கையும் கிழித்தேன். என் மனைவி தையல் மிஷினோடு வந்தாள். செம்பூரில் ஒற்றை அறையில் குடியேறினோம். அவளைச் செலவுப் பக்கம் போடும் துணிச்சல் அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு வந்ததில்லை.

பொங்கல் வீட்டில் கடைசியாக நாலு பேர்தான் மிஞ்சினார்கள். வாடகையைப் பங்கு போட ஆள் போதாமல் அவர்களும் கலைந்தார்கள். அந்த இடத்தில் பிறகு ஒரு தையல் பட்டறை வந்தது, அதற்குப் பிறகு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. தோல் கம்பெனிகள் பல ஊருக்கு வெளியே போய்விட்டன. கோமு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்து, டோம்பிவிலியில் வீடு வாங்கி, அப்பா அம்மாவை அங்கே அழைத்துப் போனாள். அண்ணாச்சி அங்கேதான் காலமானார். மதினி அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். போய்ச்சேர்ந்த அன்று கோமு எனக்குப் போன் செய்தாள். ஒன்றரை மணி நேரத்தில் லோக்கல் ரயிலில் போய்ச் சேர்ந்துவிட்டேன். எனக்காக வைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் சௌக்கியமா என்று கேட்டுக்கொள்ள மாட்டார்கள். "ஊருக்கு எப்பம்?" என்றுதான் கேட்பார்கள். பங்குனிக்கு என்று ஒருவர் சொல்வார், அடுத்த பங்குனிக்கு என்று மற்றவர் சொல்வார். அவ்வளவுதான், இருவரும் அவரவர் வழியில் போவார்கள். போவோம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எப்போது என்பதுதான் கேள்வி. மனைவிமார் வந்தார்கள், பிள்ளைகள் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள், அந்தக் கேள்வி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு நாள் இல்லாமலே போனது. எந்த நாள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. என்னிடம் கடைசியாக அதைக் கேட்டது யார் என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். முகம் வரவில்லை. என்ன பதில் சொன்னேன் என்பதும் நினைவில்லை.